வண்டிக் கதவு மூடுவதற்கு முன்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பார்சல் ஹப்பில் சில வருடம் லோடிங் வேலை பார்த்தேன். இப்போதும் ஊரிலிருந்து தம்பிகள் போன் செய்து, "அண்ணே, அங்க ஆள் எடுக்குறாங்களாம், போலாமா?" என்று கேட்பார்கள். சம்பளத்துக்கு அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சூப்பர்வைசருங்க எப்படி?" நியாயமான கேள்வி. இந்த வேலையில் முதுகு வலிக்குக்கூட மருந்து இருக்கிறது. சூப்பர்வைசரோடு முறுக்கிக்கொண்டால் ஒரு ஷிப்ட் ஓடுவதே மலையாகிவிடும். அதனால் வேலையையும் அவரையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாலை 4 மணிக்கு மேல் ஊரெல்லாம் சுற்றிய பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். இறக்கி, ஸ்கேன் செய்து, பெல்ட்டில் விடுவார்கள். பின்கோடு பார்த்து ஊர் வாரியாகப் பிரித்து, அந்தந்த ஊருக்கான டோரில் (சரக்கு ஏற்றும் வாசலில்) நிற்கும் 32 அடி கன்டெய்னரில் நாங்கள் ஏற்ற வேண்டும். சென்னையிலிருந்து கோவை சுமார் 500 கிலோமீட்டர். ராத்திரி 9 மணிக்கு வண்டி கிளம்பினால்தான் காலை 7 மணி வாக்கில் அங்கே சேரும், டெலிவரி பையன்கள் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு மணி நேரம் பிந்தினால் அந்த வண்டியில் இருக்கும் அத்தனை பார்சலும் ஒரு நாள் பிந்திவிடும். சூப்பர்வைசர் கையில் இருக்கும் போன் எட்டரை மணியிலிருந்து ஏன் விடாமல் அடிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். இதைப் புரிந்துகொண்டால் அவர் ஏன் அந்த நேரத்தில் மட்டும் அப்படிக் கத்துகிறார் என்பதும் புரியும்.

பின்கோடு விஷயத்தில் புது ஆட்கள் முதல் வாரமே சிக்குவார்கள். முதல் மூன்று எண் பார்த்தால் போதும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போதாது. 641001 கோவை, 641601 திருப்பூர். 636001 சேலம், 636701 தர்மபுரி. 605001 புதுச்சேரி, 605602 விழுப்புரம். ஸ்கேனர் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும்தான், ஆனால் தீபாவளி சீசனில் பெல்ட் நிரம்பி வழியும்போது ஸ்கேன் ஆன பெட்டியைத் தப்பான டோருக்குத் தள்ளிவிடும் கையை எந்த இயந்திரமும் தடுக்காது. நான்காவது எண்ணையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட வேண்டும். தப்பான ஊருக்குப் போன பார்சல் திரும்பி வந்தால் அது எந்த டோரில், எந்த ஷிப்ட்டில் ஏறியது என்று சிஸ்டத்தில் தெரியும். முதல் போன் சூப்பர்வைசருக்குத்தான் வரும்.

ஏற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. கன்டெய்னரின் முன்சுவரிலிருந்து ஆரம்பித்து, பெட்டிகளாலேயே குறுக்கே ஒரு சுவர், அதற்கு முன்னால் இன்னொரு சுவர் என்று கதவு வரை கட்டிக்கொண்டு வர வேண்டும். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, கீழ் வரிசையின் இணைப்பு மேல் வரிசைப் பெட்டியின் நடுவில் வர வேண்டும். கனமானது, பெரியது, சதுரமானது கீழே. துணிப் பைகள், மூட்டைகள் இடுக்குகளில். லேசானது மேலே. அம்புக்குறி போட்ட பெட்டி எந்தக் காரணத்துக்காகவும் படுக்கக் கூடாது. வண்டி இரண்டு ஊர் தொட்டுப் போகிறது என்றால், கடைசி ஊர் சரக்கு முதலில் ஏற வேண்டும்: சேலம் வழியாகக் கோவை போகும் வண்டியில் கோவை உள்ளே, சேலம் கதவோரம். மாற்றி ஏற்றிவிட்டால் சேலத்தில் இருப்பவர்கள் பாதி வண்டியை இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

கதவோரச் சுவர்தான் ரொம்ப முக்கியம். 500 கிலோமீட்டர் ஆடிப்போன சரக்கு, கதவு திறந்ததும் சாயும். அந்தப் பக்கம் கதவைத் திறப்பவர் நம்மைப்போல ராத்திரி முழுக்கத் தூங்காத இன்னொரு லோடிங் ஆள். அவர் தலையில் ஒரு பெட்டி விழுவது இங்கே நம் கையில்தான் இருக்கிறது. எங்கள் ஹப்பில் இருந்த ஒரு பெரியவர் கடைசிச் சுவரைக் கட்டி முடித்ததும் கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார், அப்புறம்தான் வலையை மாட்ட விடுவார். அவர் பார்த்த வண்டியில் சரக்கு சரிந்ததாக எனக்குத் தெரிந்து ஒரு புகாரும் வந்ததில்லை.

எடையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். லேபிளில் இருக்கும் எடையை நம்பித் தூக்காதீர்கள். பல கம்பெனிகள் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் போடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலாக இருக்கும் கணக்கு. 60க்கு 50க்கு 40 என்று இருக்கும் தலையணைப் பெட்டிக்கு இந்தக் கணக்கில் 24 கிலோ வரும், தூக்கிப் பார்த்தால் நாலு கிலோகூட இருக்காது. 24 கிலோ என்று மூச்சைப் பிடித்துத் தூக்கினால் நிலை தடுமாறும். இதற்கு நேர்மாறு டிசம்பரில் சிவகாசியிலிருந்து வரும் தினசரி காலண்டர் கட்டு. பார்க்கச் சின்னது, உள்ளே முழுக்கக் காகிதம், ஒரு கையால் இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். கோவையிலிருந்து வரும் கிரைண்டரும் அப்படித்தான், கல் ஒரு பக்கமாக இருக்கும், பெட்டி சாயும். ஒரகடம் பக்கமிருந்து வரும் வண்டி உதிரிபாகங்கள் எல்லாவற்றையும்விட மோசம். எதையும் தூக்குவதற்கு முன் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்ப வேண்டும் என்பது எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம், எல்லாம் வசதியாக அமைந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோ என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. குனிந்தோ, திரும்பியோ, உடம்பை விட்டுத் தள்ளி வைத்தோ தூக்கினால் அந்த அளவு இன்னும் குறையும். கன்டெய்னருக்குள் நாம் செய்வதெல்லாம் அந்த மூன்றும்தான்.

சரி, சூப்பர்வைசர்.

எங்கள் ஷிப்ட்டுக்கு இருந்தவர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன். எங்களில் பாதிப் பேருக்கு அவரைவிட வயது அதிகம். அவரும் கம்பெனியின் நிரந்தர ஆள் கிடையாது, வேறொரு ஏஜென்சி மூலம் வந்தவர். நாங்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள். இது நிறைய பேருக்குத் தெரியாது. அவரைக் கம்பெனியாக நினைத்துக் கோபப்படுவார்கள். வண்டி பாதி ஏறியதும் ஒரு போட்டோ, முழுசாக ஏறியதும் ஒரு போட்டோ, கதவு மூடி சீல் நம்பரோடு ஒரு போட்டோ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் மேலிருந்து கேள்வி வரும். அவருக்கு ஒரு வண்டியைப் பற்றிய கவலை அந்தக் கதவு மூடும்வரைதான். நாம் அவரிடம் எதையாவது சொல்லி நடக்க வேண்டும் என்றால் அதுவும் கதவு மூடுவதற்கு முன்தான். இத்தனை நாள் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு ராத்திரி. கோவை வண்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது, கதவோரம் ஒரு சுவர்தான் பாக்கி. அப்போது ஒரு பிக்கப் வண்டி பிந்தி வந்தது, உள்ளே பாதிக்கு மேல் உதிரிபாகப் பெட்டிகள். சூப்பர்வைசர் ஓடி வந்து, "மேல கேப் இருக்குல்ல, அதுல ஏத்திடுங்க, டைம் ஆச்சு" என்றார். மேலே இடம் இருந்தது உண்மை. ஆனால் அதற்குக் கீழே இருந்த பெட்டிகளெல்லாம் லேசானவை. பக்கத்து டோரில் போன சீசனில் இதே மாதிரி ஒரு வண்டியில் யாரும் வாய் திறக்காமல் ஏற்றிவிட்டார்கள். நடுச்சுவர் நசுங்கி, அந்த ஊரில் கதவைத் திறந்தபோது எடுத்த போட்டோ மறுநாளே வந்தது. "அப்பவே தெரியும் சார்" என்று அவர்கள் சொன்னது எடுபடவே இல்லை.

நான் அவரிடம் சொன்னேன்: "சார், இது மேல போனா நடுச்சுவர் தாங்காது. கடைசி ரெண்டு சுவரைப் பிரிச்சு, இதைக் கீழ வெச்சுக் கட்டித் தரோம், இருபது நிமிஷம் ஆகும். இல்லன்னா இந்தச் சரக்கு அடுத்த வண்டிக்கு நிக்கட்டும். ரெண்டுல எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க." அவர் முகம் சுருங்கியது, ஆனாலும் அங்கேயே போன் போட்டார். எதிர்முனைக்கும் இதே இரண்டு வழிதான் போயிருக்கும். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: உதிரிபாகத்தை நிறுத்திவிட்டு வண்டியை அனுப்புங்கள். சீல் போட்டோம், வண்டி போயிற்று.

அன்றைக்கு "முடியாது சார்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது சண்டையாகியிருக்கும், அவர் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு ஏற்றியிருப்பார். எவ்வளவு நேரம் ஆகும், வேறு என்ன செய்யலாம் என்று சொன்னதால் அவருக்கு மேலே பேச ஒரு பிடி கிடைத்தது. அதன் பிறகு சந்தேகமான சரக்கு வந்தால் அவரே, "அண்ணே, இது எப்படி வெக்கலாம்?" என்று வந்து கேட்க ஆரம்பித்தார். லேபிள் கிழிந்த பெட்டி, ஈரமான பெட்டி, எண்ணெய் வாடை வரும் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே வழிதான். எடுத்துத் தனியாக வைத்து, அவரை வரவழைத்துக் காட்டி, போட்டோ எடுக்கச் சொல்லிவிடுங்கள். முன்னால் காட்டினால் அவர் அதை வைத்து மேலே பேசுவார். பின்னால் சொன்னால் அது அவர் காதில் சாக்காகத்தான் விழும்.

மரியாதை விஷயமும் இருக்கிறது. வயதில் சின்னவரை "சார்" என்று கூப்பிடப் பலருக்கு மனசு வராது. எங்கள் பெரியவர் எல்லோர் முன்னாலும் "தம்பி" என்பார், அந்தப் பையனுக்கு முகம் மாறும். பதிலுக்கு அவர் மற்றவர்களை "டேய்" என்பார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் பெல்ட் ஓடும்போது பேசினால் பத்துப் பேர் முன்னால் அவர் இறங்கி வர மாட்டார். டீ நேரத்தில் தனியாகப் போய், "சார், பேரு சொல்லிக் கூப்பிடுங்க, இல்ல அண்ணேன்னு கூப்பிடுங்க. டேய் வேணாம். உங்களை நாங்க சார்னுதானே கூப்பிடுறோம்" என்றேன். உடனே மாறிவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பெரியவரும் வேலை நேரத்தில் சார், டீக்கடையில் தம்பி என்று வைத்துக்கொண்டார். இருவருக்கும் அது பொருந்திவிட்டது.

நான் ரொம்ப வருத்தப்பட்டது இன்னொரு விஷயத்துக்கு. பீகார், ஒடிசா பையன்களைத்தான் எப்போதும் கன்டெய்னருக்கு உள்ளே விடுவார்கள். பெல்ட் ஓரம் நிற்பது நம்மூர் ஆட்கள். சித்திரை, வைகாசியில் நாளெல்லாம் வெயிலில் நின்ற கன்டெய்னருக்குள் ராத்திரி எட்டு மணிக்கும் தகரம் சுடும், காற்று நுழையாது. மொழி தெரியாததால் அந்தப் பையன்கள் எதிர்த்துப் பேசவில்லை. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஷிப்ட் ஆரம்பிக்கும்போது நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தில், மணிக்கு ஒருமுறை உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் மாற வேண்டும் என்று கேட்டோம். அதனால் வேலை வேகமாகும் என்றும் சொன்னோம், அது உண்மையும்கூட: உள்ளே ஒரே ஆள் மூன்று மணி நேரம் நின்றால் கடைசி ஒரு மணி நேரம் அவரால் சுவர் கட்டவே முடியாது. சூப்பர்வைசர் முதலில் மறுத்தார், அப்புறம் போர்டில் எழுதிப் போட்டார். வாசலில் ஒரு பெடஸ்டல் ஃபேனும் வந்தது. நம்மூர் ஆட்களில் சிலருக்கு என்மேல் கோபம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டெபிட் என்ற வார்த்தையை இந்த வேலையில் அடிக்கடி கேட்பீர்கள். ஏதாவது உடைந்தாலோ காணாமல் போனாலோ அந்த ஷிப்ட் மொத்தத்துக்கும் சம்பளத்தில் பங்கு போட்டுப் பிடிப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. யாருடைய கவனக்குறைவால் நஷ்டம் என்று காட்டி, அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான், அந்த நஷ்டத்தின் அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். இதைச் சூப்பர்வைசரிடம் சண்டையாகப் பேசிப் பயனில்லை, பிடிப்பது காண்ட்ராக்டர். ஆனால் அந்த ராத்திரி எந்த டோரில் யார் இருந்தார்கள் என்ற பதிவு சூப்பர்வைசரிடம்தான் இருக்கும். "சார், எந்தப் பார்சல், எந்த டோர், எந்தத் தேதின்னு எழுதிக் குடுங்க" என்று நாலு பேர் சேர்ந்து அமைதியாகக் கேட்டால் பாதி டெபிட் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாச் சூப்பர்வைசரும் பேசி வழிக்கு வருவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஓவர்டைம் எழுதுவதற்குப் பங்கு கேட்டவர்களையும் கெட்ட வார்த்தை இல்லாமல் பேசத் தெரியாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரத்தைத் தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம், ஆனால் எத்தனை மணி நேரம் என்பதைக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் இழுத்தடித்தால், வேலை வாங்கும் கம்பெனியே அதைக் கொடுக்கக் கடமைப்பட்டது. அதனால் புகாரைக் காண்ட்ராக்டரோடு நிறுத்தாமல் கம்பெனியின் ஹெச்ஆருக்கும் எழுதுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நம்பர் கைக்கு வந்துவிட்டதா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் ஈஎஸ்ஐ உண்டு. நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்க நேர்ந்தால் தினச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும், இத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கும் அதற்குக் கிடையாது. ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வரும் நம் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். இதெல்லாம் சிக்கலில்லாமல் கிடைக்க வேண்டுமென்றால் விபத்து அன்றைக்கே பதிவாவது நல்லது. விரல் நசுங்கினால்கூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராமல், சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். "சின்னக் காயம்தானே, எழுதினா எனக்குப் பிரச்சினை" என்பார். எழுதச் சொல்லி நில்லுங்கள். இங்கே மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கை அரசின் உமாங் ஆப்பில் மாதம் ஒருமுறை பாருங்கள். நம்மிடம் 12 சதவீதம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். பிஎஃப்புக்கான யுஏஎன் நம்பர் ஒரு ஆளுக்கு ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் அதையே கொடுங்கள். புது நம்பர் போட விடாதீர்கள்.

வேலையை விடும்போது கடைசி நாள் தேதியைப் பிஎஃப் கணக்கில் போடச் சொல்ல மறந்துவிடுவார்கள், அப்புறம் பணம் எடுக்கப் போகும்போது இழுக்கும். கடைசிப் பங்கு கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே அந்தத் தேதியைப் போடும் வசதி இருக்கிறது. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டும். நான் விட்டுவிட்டு வந்தபோது காண்ட்ராக்டர் ஆபீசில் இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த டிப்ளமோ பையனுக்குத்தான் போன் செய்தேன். "இருங்கண்ணே, நான் பேசுறேன்" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே தேதி ஏறிவிட்டது.